படகு இயந்திரமும் தொடக்கியும்

கரையிலே படகின் இயந்திரம் இயங்க மறுத்தால் ஒருநாள் உழைப்பே போகும். நடுக்கடலில் மறுத்தால் படகு காற்றின் வசமாகிவிடும். இயந்திரத்தை முதலிற் சுழற்றி இயக்குவது 'ஸ்டார்ட்டர்' எனப்படும் தொடக்கி மோட்டார் ஆகும்.

அது சுழலவில்லை என்றதும் புதியது வாங்க விரையவேண்டாம். உப்புக்காற்றினால் பற்றரி முனைகளிலும் கம்பி இணைப்புகளிலும் களிம்பு படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். 'டிக்' என்னும் ஒலி மட்டும் கேட்குமாயின் முதலில் அவற்றைத் துலக்கி இறுக்குதல் வேண்டும். மின்னேற்றம் நிறைந்த 12 வோல்ட் பற்றரி, ஓய்வாயிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்.

மின்சாரம் குறைவின்றிச் சென்றும் மோட்டார் அசையாவிடின், அதனுள்ளிருக்கும் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம். அவற்றை மட்டும் மாற்றுவதே போதியதாகலாம். மோட்டார் சுழன்றும் இயந்திரம் சுழலாவிடின், இயந்திரத்தின் பெருஞ்சில்லைப் பற்றும் சிறு பற்சில்லைச் சோதித்தல் வேண்டும்.

தொடக்கியையே மாற்ற நேர்ந்தால், பற்றரியின் மறைமுனைக் கம்பியை முதலிற் கழற்றிவிடுக. விலை மலிவென்று கருதி, மோட்டார் வண்டியின் தொடக்கியைப் பெற்றோல் படகிற் பூட்டலாகாது. அதில் எழும் தீப்பொறி, படகின் அடியில் தேங்கிய பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கக்கூடும். படகுகளுக்கென ஆக்கப்பட்ட தொடக்கியோ, பொறி வெளிப்படாதவாறு மூடப்பட்டிருக்கும். சிக்கனம் உயிருக்கு உலை வைத்தலாகாது.