கடல் கதவடைக்கும் நாள்கள்

கடல் எங்கே, பள்ளிக்கரணை எங்கே என்று சிலர் கேட்கக் கூடும். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் நோக்கிப் பேருந்தில் செல்வோரின் கண்ணுக்கு அலையும் தெரிவதில்லை, மீன்பிடி படகும் தெரிவதில்லை. நாணற்புதர்களும், இடையிடையே நீர்ப்பரப்பும், அவற்றை நெருக்கி எழுந்து நிற்கும் அடுக்குமாடி வீடுகளுமே தெரிகின்றன. ஆயினும், இவ்வூர் வீடுகளின் வாசலில் தேங்கிய மழைநீர் எப்பொழுது வடியும் என்பதை முடிவு செய்வது வானம் மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடலும்தான்.

பெருமழை பெய்தால் வெள்ளம் வரும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். மழை நின்று, வெயில் எட்டிப் பார்த்த பின்னரும் வெள்ளம் ஏன் நாள்கணக்கில் நிற்கிறது? இக்கேள்விக்கு விடை தேடும் குடும்பங்கள் தென்சென்னையில் பல்லாயிரம். கடற்கரையின் காற்றையும், கடலின் ஏற்றவற்றத்தையும் சற்றேனும் புரிந்துகொண்டால் விடை தானே விளங்கும்.

நீர் செல்லும் வழி

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தென்சென்னையின் தாழ்ந்த பாத்திரம். மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஊர்களின் ஏரிகள் நிரம்பினால், உபரிநீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கி இறுதியில் இங்கே வந்து சேர்கிறது. இவ்வாறு நீர் அனுப்பும் ஏரிகள் 31 என்று கணக்கிட்டுள்ளனர். அவை அனைத்தையும் உள்ளடக்கிய நீர்வரத்துப் பரப்பு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர். இத்தனை நீரும் வெளியேறுவதற்கு உள்ள முதன்மையான வழி ஒன்றே. அதுவே துரைப்பாக்கத்தை அடுத்த ஒக்கியம் மடு.

ஒக்கியம் மடுவிலிருந்து கடல் சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் நீர் நேரே கிழக்கு நோக்கிச் செல்ல இயலாது. கரையோரமாக நீளும் மணல்மேடு குறுக்கே நிற்கிறது. நீலாங்கரையும் ஈஞ்சம்பாக்கமும் அதன்மேல் அமைந்த ஊர்களே. ஆகவே நீர் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே நெடுந்தொலைவு சென்று, முட்டுக்காட்டுக் காயலை அடைந்து, கோவளத்தருகே கடலில் கலக்கிறது. கார்மேல் அன்னையின் பழம்பெரும் ஆலயத்தைத் தரிசிக்கக் கோவளம் செல்லும் நம் குடும்பங்கள், அவ்வூரை அடையுமுன் கடக்கும் முட்டுக்காட்டுப் பாலத்தின் கீழே ஓடுவது தங்கள் வீட்டுக்கூரையில் விழுந்த மழைநீராகவும் இருக்கலாம் என்பதை நினைத்துப் பார்த்திருப்பார்களா?

பக்கிங்காம் கால்வாயின் வரலாற்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1806-ஆம் ஆண்டில் சென்னைக்கு வடக்கே தொடங்கிய அவ்வேலை சிறிது சிறிதாக நீண்டது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் அஞ்சி நினைவுகூர்ந்த 1876–78 பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி கிடைக்கவென்று கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநராகிய பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் செல்வதற்கென வெட்டிய கால்வாய் அது. வெள்ளத்தை விரைந்து கொண்டு செல்வதற்கென வெட்டியதன்று. படகு செல்ல நீர் சமமாக நிற்க வேண்டும். வெள்ளம் செல்லச் சரிவு வேண்டும். இக்கால்வாயில் சரிவு மிகக் குறைவு. எனவே அதன் வாயில் கடல் சிறிதே உயர்ந்தாலும், உள்ளே வெகுதொலைவுவரை நீர் தயங்கி நிற்கிறது.

ஏற்றமும் வற்றமும்

கடல் நாள்தோறும் இருமுறை ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. நூல்கள் இதனை ஓதம் என்கின்றன. ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஆறு மணி நேரத்திற்குச் சற்று மேலாகிறது. இன்று காலை எட்டு மணிக்கு ஏறிய கடல், நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து ஏறும். சந்திரனும் சூரியனும் ஒரே நேர்கோட்டில் நின்று நீரை ஈர்க்கும் அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி ஏற்றம் மிகுகிறது. இரண்டிற்கும் நடுவேயுள்ள அட்டமி நாள்களை ஒட்டிக் குறைகிறது.

சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமிக் காலத்து ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டரே. அட்டமிக் காலத்தில் அதில் பாதிகூட இராது. குசராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குவதை அறிந்தவர்கள், "இது ஒரு ஏற்றமா?" என்று நகைக்கலாம். ஆனால் கடல்மட்டத்தைவிட மிகச் சிறிதே உயர்ந்த சதுப்பிலிருந்து, சரிவில்லாத கால்வாய் வழியே நீர் இறங்க வேண்டிய இடத்தில் ஒரு மீட்டர் என்பது பெரும் மதில். கடல் வற்றும் சில மணி நேரங்களில் முகத்துவாரக் கதவு திறக்கிறது. ஏறும் நேரங்களில் ஒருக்களித்துச் சாத்திக்கொள்கிறது. வெள்ளம் வடிவது அந்த இடைவேளைகளில்தான்.

காற்று செய்யும் வேலை

சந்திரன் போடும் கணக்கு முன்கூட்டியே தெரிந்தது. அட்டவணையாக அச்சிடவும் பெறுகிறது. ஆனால் காற்று அக்கணக்கை மாற்றிவிடும்.

வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். கடலை நம்பி வாழ்வோர்க்குக் காற்றின் திசையே அன்றைய வாழ்வு. கோடை மாதங்களில் காலையில் மேல்காற்று அனலாக வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் வெம்மை தணியும். அது கரையோரத்தை முதலில் குளிர்வித்து, உள்ளே தாம்பரத்தை அடையச் சற்று நேரமாகும். காற்று தாமதித்தால் ஊரே தகிக்கும்.

மார்ச்சு முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளிச் செல்கின்றன. வாடை வீசும் மாதங்களில் மணல் தெற்கே நகர்கிறது. ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, இந்த மணலோட்டம் தடைபட்டுத் தென்புறத்தில் குவிந்தது. இன்று நாம் காணும் அகன்ற மெரினா மணற்பரப்பு அவ்வாறு உருவானது. வடபுறத்தில் இராயபுரம் பக்கத்துக் கரை அரிக்கப்பட்டது. இதே மணல்தான் ஆற்றில் நீரோட்டம் குன்றிய கோடையில் கூவம், அடையாறு, முட்டுக்காடு ஆகியவற்றின் வாயை அடைத்துக்கொள்கிறது. மழைக்காலத்திற்கு முன் இயந்திரங்களைக் கொண்டு அதனை வெட்டித் திறந்துவிட வேண்டியிருக்கிறது. திறப்பது ஒரு வாரம் தாழ்ந்தால் ஊருக்குள் நீர் ஒரு முழம் ஏறலாம்.

மற்றொன்றும் உண்டு. நம் கடல் ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பங்குனி வாக்கில் தாழ்ந்திருக்கும் சென்னைக் கடல், ஐப்பசி, கார்த்திகையில் ஏறத்தாழ ஓரடி உயர்ந்து நிற்கிறது. வடக்கிலிருந்து கரையோரமாக இறங்கும் நீரோட்டமும், வாடைக்காற்றும் இதற்குக் காரணம். பூமியின் சுழற்சியால், நம் பகுதிக் கடலில் காற்றுத் தள்ளும் நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக ஒதுங்கும். ஆதலால் வடக்கிலிருந்து தொடர்ந்து வீசும் காற்று நீரைக் கரையில் கொண்டு வந்து குவிக்கிறது. இவற்றோடு புயலும் சேர்ந்தால் சொல்ல வேண்டுவதில்லை. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பது அறிவியலார் கூறும் கணக்கு. அதன்மேல் புயலலைகள் வந்து மோதி, முகத்துவாரத்தில் நீரை மேலும் உயர்த்துகின்றன.

ஆக, ஆண்டில் மிகுந்த மழை பெய்யும் அதே வாரங்களில்தான் கடலும் மிக உயர்ந்து நிற்கிறது. நம் இடரின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இரண்டு டிசம்பர்கள்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று அடையாறு பெருகியதையும், முடிச்சூரும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 3, 4 நாள்களில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக ஊர்ந்து சென்றது. டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே அது கரையைக் கடந்தது. அதற்குள் இங்கே பெருமழையைக் கொட்டித் தீர்த்திருந்தது. கடல் கொந்தளித்து உயர்ந்து நின்றமையால் முகத்துவாரங்கள் நீரைத் தாராளமாக ஏற்கவில்லை. மழை விட்ட பின்னரும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் மின்சாரமும் பாலும் குடிநீரும் இன்றி மக்கள் மாடிகளில் காத்திருந்தனர்.

நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. 2015-லும் 2023-லும் அப்பெருமழை நாள்கள் தேய்பிறை அட்டமியை ஒட்டியவை. அதாவது, சந்திரனின் கணக்குப்படி கடலேற்றம் மிகக் குறைவாக இருக்கவேண்டிய நாள்கள். இத்தனை துயரமும் சந்திரன் நமக்குச் சலுகை காட்டிய காலத்தில் நேர்ந்தது. அதே மழை ஓர் அமாவாசையன்று பெய்திருந்தால்? நாம் அஞ்சுவதற்காக இதனைக் கேட்கவில்லை, ஆயத்தமாவதற்காகவே கேட்கிறோம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. இன்னும் உயர்ந்து வருகிறது. கதவு இனி முன்னைவிட நெடுநேரம் மூடியிருக்கும் என்றே பொருள்.

காத்திருக்க ஓரிடம்

கதவு மூடியிருக்கையில் வந்தவர் எங்கே காத்திருப்பார்? திண்ணையில் அல்லவா! பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தென்சென்னையின் திண்ணை. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழைநீர் இங்கே பரந்து தங்கும். கடல் வற்றியதும் மெல்ல வெளியேறும். எவரும் கட்டாத, எவரும் சம்பளம் பெற்றுக் காவல் புரியாத ஏற்பாடு இது.

இலண்டன் மாநகரம் இதற்கு என்ன செய்தது என்று பாருங்கள். தேம்சு ஆற்றின் குறுக்கே 1982 முதல் இயங்கும் பெரும் இரும்புக் கதவுகள் கடலேற்றத்தைத் தடுக்கின்றன. மேற்பகுதியில் ஆற்றுவெள்ளம் வரும் என்று அறிந்தால், கடல் வற்றியிருக்கும் நேரத்திலேயே அக்கதவுகளை மூடிவிடுகின்றனர். ஏன்? உள்ளே கடல்நீர் நிரம்பாமல், ஆற்றுநீர் தங்க வெற்றிடம் வேண்டும் என்பதற்காக. அவர்கள் பெரும்பொருள் செலவிட்டு உண்டாக்கும் வெற்றிடத்தை நமக்கு இயற்கை இலவசமாகத் தந்திருந்தது.

நாம் அதனை என்ன செய்தோம்? 1960-களில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பில் இன்று எஞ்சியிருப்பது சிறுபகுதியே. குப்பை கொட்டினோம், குறுக்கே சாலை போட்டோம், அலுவலகங்களும் குடியிருப்புகளும் எழுப்பினோம். 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டதும், 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டதும் நற்செய்திகள். பூநாரைகளும் கூழைக்கடாக்களும் தாழைக்கோழிகளும் வாழ இடம் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பறவைகளுக்காக மட்டும் சதுப்பைக் காக்கிறோம் என்று எண்ண வேண்டா. அங்கே தங்க இடமில்லாத நீர் நம் கூடத்தில் வந்து தங்கும்.

நாம் செய்யத்தக்கவை

காற்றையும் கடலையும் ஆராயும் இரண்டு தேசிய நிறுவனங்கள் பள்ளிக்கரணையிலேயே அமைந்துள்ளன. 1993-இல் தோன்றிய தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இந்தியக் கடல்களில் மிதவைகளை நிறுத்தியுள்ளது. காற்றின் வேகம், காற்றழுத்தம், அலையின் உயரம் முதலியவற்றை அம்மிதவைகள் செயற்கைக்கோள் வழியே அறிவிக்கின்றன. தேசிய காற்றாற்றல் நிறுவனமும் இதே சாலையில் உள்ளது. அலை, கடல்நிலை பற்றிய எச்சரிக்கைகளை ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் நாள்தோறும் வெளியிடுகிறது. செய்தி கிடைக்கிறது, அதைக் கேட்கும் பழக்கமே நமக்கு வேண்டும்.

மழை எச்சரிக்கை வரும்போது, எத்தனை சென்டிமீட்டர் மழை என்பதோடு நின்றுவிடாமல், கடல் எவ்வாறு உள்ளது, ஏற்றம் எந்நேரம், பிறை எது என்பவற்றையும் குடும்பத்தார் கேட்டறிய வேண்டும். கடல் கொந்தளிப்பு என்றால் நீர் விரைந்து வடியாது என்று கொண்டு, தரைத்தளத்தில் வாழும் முதியோர், கருவுற்றோர், நோயாளிகள் ஆகியோரை முன்னதாகவே மேடான இடத்திற்கு அனுப்ப வேண்டும். மருந்தும் குடிநீரும் மூன்று நாள்களுக்கேனும் சேமித்திருக்க வேண்டும். பங்கு மன்றங்களும் பள்ளிக்கூடங்களும் எந்தத் தெருவுக்கு எந்த மாடி அடைக்கலம் என்று மழைக்கு முன்பே பேசி முடிவு செய்திருந்தால் எத்துணை நலம்! வீட்டுமனை வாங்க எண்ணுவோர், விலையைக் கேட்குமுன் அவ்விடம் ஏரியா, வாய்க்காலா, சதுப்பா என்று பழைய நில ஆவணங்களைப் பார்க்க வேண்டும். கால்வாயில் எறியும் ஒவ்வொரு நெகிழிப்பையும் ஒக்கியம் மடுவை நோக்கித்தான் செல்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இறுதியாக ஒன்று. 2015-லும் 2023-லும் சென்னையில் வெள்ளம் சூழ்ந்த வீடுகளிலிருந்து மக்களை மீட்டவர்களுள் மீனவர் பலர். கடலில் செல்ல வேண்டிய படகுகளை லாரிகளில் ஏற்றி ஊருக்குள் கொண்டு வந்து, முன்பின் அறியாதவர்களைக் கைகொடுத்து இறக்கினர். கடலின் குணத்தை அவர்கள் நாள்தோறும் அறிந்து வாழ்கின்றனர். மணல்மேட்டிற்கு இப்பாலுள்ள நாமும் கடலோர மக்களே. இதனை உணர்ந்து, அடுத்த ஐப்பசி பிறப்பதற்குள் நம் வாய்க்காலைத் துப்புரவு செய்து, சதுப்பில் எஞ்சியதை எவரும் அபகரிக்காமல் காப்போமானால், கடல் கதவடைக்கும் நாளிலும் நம் வீடுகளில் விளக்கு எரியும்.