வண்டல் கூறும் சான்று

வண்டல் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். ஆறு கொணர்ந்து படியவிடும் நுண்மண் ஒன்று. சிறுமியர் மணலிலே பாவை செய்து ஆடும் விளையாட்டு மற்றொன்று. சங்கப் புலவர் பாடிய வண்டற்பாவை அலை வந்ததும் கரைந்துபோகும். ஆற்று வண்டலோ, தன்மேல் விழுந்தவற்றை அடுக்கடுக்காக மூடி வைத்துக்கொள்ளும் இயல்பினது. கேட்பார் வந்தால் சான்றும் கூறும். அச்சான்று நம் ஊவா மலைநாட்டிற்கு எத்துணை வேண்டப்படுவது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

செம்பு, ஈயம், பாதரசம், கட்மியம் முதலியவற்றை அறிவியலார் பார உலோகங்கள் என்பர். இலையும் சருகும் உக்கி மண்ணாகும், இவை உக்குவதில்லை. மழைநீர் அடித்துச் செல்லும் களிமண் துகள்களை இறுகப் பற்றிக்கொண்டு, நீரோட்டம் தளரும் குளத்திலும் சதுப்பிலும் அணைக்கட்டிலும் படிகின்றன. கலங்காத வண்டலில் கீழ்ப்படை பழையது, மேற்படை புதியது. நீண்ட குழாயைச் சேற்றில் இறக்கி எடுத்தால் பல்லாண்டுப் படிவுகள் ஒருங்கே கிடைக்கும்.

ஏட்டுச்சுவடியின் காலத்தை எழுத்தமைதி கொண்டு துணிவது போல, வண்டலின் காலத்தைத் துணியவும் அடையாளங்கள் உள. வானிலிருந்து இயற்கையாகவே விழும் ஈயம்-210 ஏறத்தாழ 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். எஞ்சியதை அளந்து படையின் வயதை அறியலாம். அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் பரவிய சீசியம்-137, 1963-ஆம் ஆண்டளவில் உச்சம் எய்தியது. ஆதலின் அது மிக்குள்ள படை அவ்வாண்டைக் காட்டும்.

இவ்வாறு படைகளைப் படித்தோர் கண்டவை வியப்புக்குரியன. கிறீன்லாந்தின் உறைபனியிலே, உரோமர் காலத்தில் உலோகம் உருக்கிய புகையின் ஈயத் தடம் அழியாதிருப்பதை 1994-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நமக்கு அயலிலுள்ள ஹோட்டன் சமவெளிச் சதுப்பில் மகரந்தத் துகள்களை ஆராய்ந்த இரத்னசிறி பிரேமதிலக முதலியோர், இருபதாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மழை, வெயில், காடு ஆகியவற்றின் வரலாற்றை 2003-இல் வெளியிட்டனர். அச்சமவெளி மலைச்சேறு அத்தனை காலத்தைக் காக்குமெனின், ஊவாவின் ஓடைகள் நூற்றைம்பது ஆண்டுத் தோட்ட வரலாற்றைக் காவாதொழியுமோ?

அவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். 1869-இல் மடுல்சீமையிலே கோப்பி இலையில் செம்மஞ்சட் பொடியாக ஒரு நோய் தோன்றியது. அதனைத் தடுக்கும் மருந்தை அக்காலத்தார் அறிந்திலர். இருபது ஆண்டளவில் கோப்பித் தொழில் பாழாயிற்று. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து பிரான்சு நாட்டிலே 1885-இல் அறிமுகமாயிற்று. கோப்பிக்கு அது பிந்திவிட்டது. ஆயின், கோப்பியின் இடத்தில் வந்த தேயிலையை 1946-இல் கொப்புள நோய் பற்றியபோது, செம்பு கலந்த மருந்துகளே துணை நின்றன. பனியும் மழையும் மூடிய மாதங்களில் அவை பல்லாண்டு மீளமீளத் தெளிக்கப்பட்டன. இலையிற் தங்கியது போக எஞ்சியது மண்ணிற் சேர்ந்தது. செங்குத்தான மலைச்சரிவின் மேல்மண்ணோ மழைக்கு நிற்பதன்று.

அம்மண் எங்கே செல்கின்றது? பதுளை ஓயா துன்ஹிந்த அருவியாக விழுந்து மகாவலியை நாடுகின்றது. உமா ஓயா வெலிமடை வழியாக ஓடி, 1990-இல் நிறைவுற்ற ரந்தம்பே நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அத்தேக்கம் விரைந்து தூர்ந்து வருவதைப் பலரும் அறிவர். வெலிமடையின் உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு இடும் பொசுபேற்று உரத்தில் கட்மியம் சிறிதளவு கலந்திருப்பதுண்டு. வீதியோரங்களில் ஈயப் பெற்றோலின் புகை படிந்தது. இலங்கையில் அதன் விற்பனை 2002-இல் நின்றது. செம்பு மிகுந்தால் மீனுக்கும் மண்புழுவுக்கும் கேடு. கட்மியம் சிறுநீரகத்தையும், ஈயம் குழந்தைகளின் மூளையையும் தாக்கும்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. பாறையிலும் இயல்பாகவே இவ்வுலோகங்கள் உள்ளன. ஆதலின் இன்றைய சேற்றில் ஒரு பிடி எடுத்து அளந்துவிட்டு, அளவு மிகுதி என்று பழிகூறுதலும் தகாது. குற்றமில்லை என்று தள்ளுதலும் தகாது. தோட்டங்கள் தோன்றுமுன் படிந்த கீழ்ப்படையே அளவுகோல். அதனோடு மேற்படையை ஒப்பிடும்போதுதான் இயற்கை தந்தது எவ்வளவு, மனிதர் சேர்த்தது எவ்வளவு என்பது புலனாகும்.

சேற்றின் சான்று வீண்போவதில்லை என்பதற்குக் கொடைக்கானல் எடுத்துக்காட்டு. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் தாயகம் திரும்பிய நம் மலையகத்தார் சிலரும் குடியேறிய மலைநகர் அது. அங்கு வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று நடந்து 2001-இல் மூடப்பட்டது. ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் மிக்கிருப்பதை ஐதராபாத்து ஆய்வாளர் 2006-இல் வெளியிட்டனர். தொழிலாளரின் வாய்ச்சொல்லை ஐயுற்றவர்க்கு ஏரிச்சேறு விடை கூறியது.

நம் தோட்டங்களில் லயத்துக் குடும்பங்கள் ஓடை நீரைப் பீலியில் ஏந்திக் குடிக்கின்றன. அதே சரிவிலேதான் மருந்தும் தெளிக்கப்பட்டது. மருந்துக் கணக்கு தோட்டக் கந்தோரில் எழுதப்பட்டது. அதனைத் தெளித்தவரும் அந்நீரைக் குடித்தவரும் அக்கணக்கைக் கண்டிலர். அவர்க்காகவும் எழுதப்பட்ட ஏடு வண்டல் ஒன்றே. 2005-இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே உள்ளது. தேயிலை ஆராய்ச்சி நிலையமும் நாட்டில் உண்டு. ஓடைதோறும் வண்டலை ஆராய்ந்து, கண்ட முடிவை லயத்து மக்கள் அறியத் தமிழிலும் வெளியிடுதல் அறிஞர் கடன். தூர்ந்த சேற்றை வாரி வயலுக்கு உரமாக இடுமுன் சோதித்தலும் வேண்டும். கிளறப்பட்ட சேறு, புதைத்து வைத்ததை மீண்டும் நீருக்கு விடவல்லது.

தோட்டத்துப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் வேதியியல் கற்கின்றனர். தம் வீட்டுப் பீலி நீர் எம்மண்ணைக் கழுவி வருகின்றது என்று அவர்கள் வினவத் தொடங்கட்டும். அவ்வினாவுக்கு விடை கூறும் கடன் நம் தலைமுறையினுடையது.