சப்தத்துக்குள் மறைந்த பிள்ளை

மதரஸாவைக் கடந்து செல்வோர் பிள்ளைகள் ஓதும் சப்தத்தைக் கேட்டு மகிழ்கிறார்கள். சப்தம் பலமாக இருந்தால் பாடம் நன்றாக நடக்கிறது. குறைந்தால் உஸ்தாது கண் அயர்ந்துவிட்டார் என்பது நம் மஹல்லாக்களில் நெடுங்காலமாக நிலவும் கணிப்பு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஸ்ரீமுஷ்ணத்தில் பள்ளிக்கூடம் விட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் மாலை வகுப்புக்கு ஓடிவரும் பிள்ளைகளை ஒரே குரலாக ஓத வைப்பதில் எனக்கொரு பெருமிதமும் உண்டு. அந்தப் பெருமிதத்தை இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பத்து வயதுச் சிறுவன் உடைத்தான்.

அவன் பெயர் வேண்டாம். அம்ம ஜுஸ்உவை முடித்துவிட்ட பிள்ளை. விரலை வரியின்மேல் ஓட்டியவாறு தடையின்றி ஓதுவான். ஒருநாள் கரண்ட் போய், மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் நின்றபோது, எமர்ஜென்சி விளக்கின் அடியில் அவனை மட்டும் உட்கார வைத்து, தகாஸுர் சூராவின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, “இதை ஓது” என்றேன். விழித்தான். பின்பு உதடுகள் அசைந்தன. சூராவின் தலையிலிருந்து முணுமுணுத்து வந்து, அந்தச் சொல்லை எட்டியதும் உரக்கச் சொன்னான். எனக்கு ஐயம் பிறந்தது. அவன் ஓதியறியாத ஒரு பக்கத்தைத் திருப்பி முதல் சொல்லைக் காட்டினேன். ஒரு சொல்லும் வரவில்லை. ‘ஜீம்’ எது, ‘ஹா’ எது என்றே பிரித்தறிய முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் என் கண்ணெதிரே அமர்ந்து, முப்பது குரல்களுக்கு நடுவே தன் குரலையும் கலந்து, எழுத்தறியாமலே அவன் ‘முடித்திருந்தான்’.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளையிடம் குறை காண்பது எளிது. ஆனால், அவனைத் தனியாக ஓதச்சொல்லி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

அவனுடைய அத்தா விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பஸ்ஸில் போய்வரும் தொழிலாளி. பொம்மை வார்க்கும் பட்டறையில் வேலை. விஷயத்தைத் தயக்கத்துடன் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தம் தொழிலைப் பற்றிப் பேசினார். “களிமண் கரைசலைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம், ஹஜ்ரத். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் படிந்து இறுகும். மிச்சக் கரைசலைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் பிரிக்க வேண்டும். அச்சுக்குள்ளே இருக்கும்வரை எல்லாப் பொம்மையும் நிமிர்ந்துதான் நிற்கும். அவசரப்பட்டுப் பிரித்தால்தான் எது சாய்கிறது என்று தெரியும்.” இதைச் சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் பி.ஏ. வகுப்பில் கல்வியைப் பற்றிக் கேட்ட சொற்பொழிவுகளில் எதுவும் என்னை இப்படித் தைத்ததில்லை. கூட்டு ஓதல் ஓர் அச்சு. அதிலிருந்து பிள்ளையை எடுத்து நிறுத்திப் பார்க்காத ஆசிரியர், தாம் வார்த்தது என்னவென்று அறியமாட்டார்.

இதன்பின் பழைய கிதாபுகளைப் புதிய கண்ணோடு புரட்டினேன். நம் அரபுக் கல்லூரிகளில் பாடமாக உள்ள ‘ஹிதாயா’வை எழுதிய இமாம் மர்ஃகீனானி (ரஹ்) அவர்கள் 1197-இல் மறைந்தார்கள். அவர்களின் மாணவரான ஸர்னூஜி (ரஹ்) ‘தஃலீமுல் முதஅல்லிம்’ என்றொரு சிறுநூல் எழுதியிருக்கிறார். கற்போருக்கு ஒழுக்கம் உரைக்கும் நூல் என்றே அதை நான் எண்ணியிருந்தேன். அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. நேற்றைய பாடத்தை ஐந்து முறை திருப்ப வேண்டும், அதற்கு முந்திய நாளின் பாடத்தை நான்கு முறை, அதற்கும் முந்தியதை மூன்று, பின்பு இரண்டு, பின்பு ஒன்று. தொடக்கப் பாடத்தின் அளவு, இரண்டு முறை திருப்பினால் மனத்தில் தங்குமளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும் என்றும், பின்னர் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்றும் அவர் எடுத்துரைக்கிறார்.

ஏன் நேற்றையதற்கு ஐந்து, பழையதற்கு ஒன்று? 1885-இல் ஜெர்மனியில் எப்பிங்ஹாஸ் என்ற அறிஞர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறது என்று தம்மையே அவர் சோதித்துக்கொண்டார். ஒரு நாள் கழித்து மீண்டும் மனனம் செய்தபோது முதல் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிச்சமாயிற்று. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. அதாவது, மறதி முதல் நாளில் பாய்ந்து வருகிறது. பின்னர் நொண்டி நடக்கிறது. ஆகவே காவலும் முதல் நாட்களில்தான் அதிகம் வேண்டும். இறைமறை பொருள் நிறைந்தது. எனினும் அரபு அறியாத நம் தமிழ்ப் பிள்ளையின் செவிக்கு அதன் சொற்கள் தொடக்கத்தில் வெறும் ஓசைக் கோவையாகவே சென்று சேர்கின்றன என்பதை ஆசிரியர்கள் மறக்கலாகாது. கட்டவிழ்ந்த ஒட்டகத்தைவிட விரைவாகக் குர்ஆன் நழுவிவிடும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் மேடைகளில் சொல்கிறோம். அதற்கேற்பப் பாட அட்டவணை போட்டிருக்கிறோமா?

திருப்புதல் என்றாலும் எப்படித் திருப்புவது? கிதாபைத் திறந்துவைத்து மீண்டும் மீண்டும் பார்த்து ஓதுவதா, மூடிவைத்து நினைவிலிருந்து எடுப்பதா? அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனை என்னை வியக்க வைத்தது. ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு வேளையும் வாசித்தனர். மற்றொரு சாரார் ஒரு வேளை வாசித்து, மூன்று வேளை அதைப் பாராமல் நினைவுகூர்ந்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினர்: 83 விழுக்காடு, மற்றவர் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர் 40, நினைவுகூர்ந்தவர் 61. இதில் ஆசிரியர் ஏமாறும் இடம் அந்த ஐந்து நிமிடம். பாடம் முடிந்த கையோடு கேட்டுப் பார்த்து, “மாஷா அல்லாஹ், வந்துவிட்டது” என்று நாம் அனுப்பிவிடுகிறோம்.

கேள்வி கேட்டுக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. இலை உதிராத, முஃமினுக்கு உவமையான மரம் எது என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்குப் பேரீச்சை என்று தோன்றியது. பெரியவர்கள் இருந்த அவையில் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. புகாரீயில் உள்ள இந்தச் செய்தியை நான் பலமுறை பயான் செய்திருக்கிறேன். என் வகுப்பில் விடை தெரிந்தும் வெட்கத்தால் வாய் திறவாத பிள்ளையும், தெரியாமல் அச்சத்தால் கூட்டத்தோடு வாயசைக்கும் பிள்ளையும் இருப்பார்கள் என்று மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

அச்சம் என்றேன். என் மூலையில் ஒரு பிரம்பு இருந்தது. அதிகம் அடித்ததில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். கடுமை பிள்ளையைச் சோம்பலுக்கும் பொய்க்கும் மறைப்புக்கும் தள்ளும் என்று இப்னு கல்தூன் 1377-இல் முடித்த ‘முகத்திமா’விலேயே எழுதிவிட்டார். அந்தச் சிறுவன் இரண்டாண்டுகள் மறைத்தது எதை அஞ்சி? பிரம்பை வீட்டுக்கு எடுத்துப்போனேன். இப்போது கொடியில் துணி தள்ள உதவுகிறது.

வகுப்பை எப்படி மாற்றினேன் என்று சொல்லிவிடுகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, பின்புறம் எழுத்துகளையும் சொற்களையும் எழுதினேன். வரிசை மாற்றிக் காட்டினால் மனப்பாடம் உதவாது. கண் வேலை செய்தாக வேண்டும். ஸர்னூஜி கணக்கை அப்படியே நடத்த நேரம் போதவில்லை. நேற்று, முந்தாநாள், போன வாரம் என மூன்றாகச் சுருக்கிக்கொண்டேன். கூட்டு ஓதலை நான் விட்டுவிடவில்லை. உச்சரிப்புக்கும் உற்சாகத்துக்கும் அது தேவை. அதற்குப் பத்து நிமிடம்.

முப்பது பேரையும் தனித்தனியே கேட்க ஒரு மனிதனுக்கு நேரமேது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே விடை பிறந்திருக்கிறது. 1789-இல் சென்னை எழும்பூர் ஆண் பிள்ளைகள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்களிடம் அதைச் செய்யச் சொன்னார். அவர்கள் முடியாது என்றனர். எட்டு வயதுப் பையன் ஒருவனை அமர்த்தி, சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். அது பலித்தது. 1797-இல் இலண்டனில் அவர் எழுதி வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது கடல் கடந்து பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரப் பள்ளி ஒன்று இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே அழைக்கப்படுகிறது. நம் சட்டாம்பிள்ளை சீமை போய்வந்த கதை இது! செலவைக் குறைக்க நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சிறுவர்களிடம் தள்ளிவிட்டதால் அங்கே அம்முறை பின்னர் கெட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்களுக்குத் ‘தக்ரார்’ தெரியும்: பாடம் முடிந்தபின் மாணவர் ஒருவர் மற்றவர்களுக்கு அதை மீண்டும் எடுத்துச் சொல்வது. 1862 முதல் கல்வி விளக்கேற்றி வரும் லால்பேட்டை மன்பவுல் அன்வார் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும், தக்ராரின் பயனை நம் சிற்றூர் மக்தபுகளுக்கு நாம் கொண்டுவரவில்லை.

என் வகுப்பில் பெரிய பெண்பிள்ளைகள் நால்வர் ஆளுக்கு மூன்று சிறுவர்களுக்கு அட்டை காட்டுகிறார்கள். அவர்களுள் ஒருத்தி ஒருநாள், “நான் சொல்லிக்கொடுக்கும்போதுதான் எனக்கே சந்தேகம் வருகிறது, ஹஜ்ரத்” என்றாள். அவளுக்கு வந்த சந்தேகம் எனக்கு இருபது ஆண்டுகளாக வந்ததில்லை.

அந்தச் சிறுவனின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. அவனை அலிஃப், பாவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்றபோது அவன் தாயார் திரைக்கு அப்பாலிருந்து அழுதார். “முடித்த பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்தோமே, தெருவில் என்ன சொல்வார்கள்?” நியாயமான கேள்வி. தவறு என்னுடையது, தலைகுனிவு அவர்களுக்கு. வகுப்பில் வேண்டாம், இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் என்று முடிவாயிற்று. பதினான்கு மாதம் ஆனது. இப்போது அவன் மெதுவாக, எழுத்துக் கூட்டி, ஓதியறியாத பக்கத்தையும் ஓதுகிறான். முன்பிருந்த வேகம் இல்லை. வருகிறவர்கள் அவனைவிட வேகமாக ஓதும் பிள்ளைகளையே பாராட்டுகிறார்கள்.

மதரஸாவில் சப்தம் குறைந்துவிட்டது. “என்ன ஹஜ்ரத், பிள்ளைகள் வருவதில்லையா?” என்று ஜமாஅத் பெரியவர் ஒருவர் போன வாரம் வாசலில் நின்று கேட்டார். உள்ளே வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து, தமக்குப் பிடித்த பிள்ளையிடம் பிடித்த பக்கத்தைக் காட்டிக் கேட்கும்படி வேண்டினேன். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.