சருகே உணவு, சருகே உடை

ஐரோப்பாவின் ஓக் காடுகளில் ஏப்ரல் முதல் ஜூன் வரை, நல்ல வெயிலில், தளிர்களுக்கு மேலே சிறு அந்துப்பூச்சிகள் கூட்டமாக எழுந்தும் தாழ்ந்தும் பறக்கும். பூச்சிகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1757-இல் மறைந்தார். மறு ஆண்டே, உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸ் இந்த அந்துப்பூச்சி இனத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். இன்று இதன் அறிவியல் பெயர் அடேலா ரெயோமூரெல்லா. சிறகை விரித்தாலும் இரண்டு சென்டிமீட்டர் தேறாது. சிறகில் வெண்கலப் பச்சை மின்னும்; ஆணின் வெளிறிய உணர்கொம்புகள் உடலைப்போல் மூன்று மடங்கு நீளம். இந்த அழகில் கண் நின்றுவிடுவது இயல்பு. ஆனால் இந்தப் பூச்சி பிழைத்திருப்பதன் காரணம் மரத்தின் உச்சியில் இல்லை, மரத்தடியில் இருக்கிறது.

பறக்கும் பருவம் சில வாரங்களில் முடிந்துவிடும். புழுப் பருவமோ குளிர்காலத்தையும் கடந்து நீள்கிறது. அது முழுக்கச் சருகுக்குள் கழிகிறது. புழு இலைத்துணுக்குகளைத் தன் பட்டிழையால் ஒட்டித் தட்டையான உறை செய்து, அதைச் சுமந்தபடியே ஊர்ந்து, காய்ந்த இலைகளைத் தின்கிறது. கூட்டுப்புழுவாவதும் அந்த உறைக்குள்தான். காய்ந்த இலை சத்தான உணவல்ல. இலையை உதிர்க்குமுன் மரம் அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் சருகை நம்பி வாழ்வதில் ஆதாயம் உண்டு. பச்சை இலைக்குப் போட்டியிடும் எண்ணற்ற புழுக்களோடு இது மோத வேண்டியதில்லை. சருகடியில் ஈரம் தங்குகிறது. வெறுந்தரையைப்போல் குளிர் அங்கே கடுமையாகத் தாக்குவதில்லை. உணவு, உடை, உறைவிடம் மூன்றும் ஒரே பொருளில் கிடைக்கின்றன.

சருகைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் எப்படியும் மட்கச் செய்யுமே, இந்தப் புழுவால் என்ன பயன் என்று கேட்கலாம். மட்கும் வேலையில் பெரும்பங்கு அவற்றுடையதுதான். ஆனால் இலையைக் கடித்துத் துணுக்காக்கும் உயிர்கள் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. சருகைக் கிளறி இரைதேடும் பறவைகளுக்கும் உணவாகின்றன. புல்தரையில் சருகு குவிந்தால் புல் அழுகும், நடைபாதையில் கிடந்தால் கால் வழுக்கும் என்பதும் உண்மை. அங்கிருந்து வாரி மரத்தடியிலும் வேலியோரத்திலும் சேர்த்துவிடலாம். எரித்தால் உறையோடு புழுவும் எரிந்துபோகும். பரவலாகக் காணப்படும் பூச்சிக்கு இவ்வளவு கவலை எதற்கு என்போரும் உண்டு. அது பரவலாக இருப்பதே காடுகளில் இன்னும் சருகு மிஞ்சியிருப்பதால்தான். ஆகவே மரங்களை எண்ணிக் காட்டின் நலத்தைக் கணிப்பது அரைக் கணக்கு. ஓக் மரம் உயர்ந்து நின்றாலும், அதனடியைச் சுத்தமாகப் பெருக்கி வைத்தால் இந்தப் பூச்சி வளர அங்கே இடமில்லை.