பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு: எந்தச் சுறா?

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் ஆழம் 24 அடி. மழைக் காலம் வந்துவிட்டால், சென்னை நகரமே அந்த 24 அடிக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏரியில் கெண்டை உண்டு. ஜிலேபி உண்டு. விராலும் உண்டு. ஆனால், அந்தப் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை பெற்றுவிட்டால், பல வீடுகளில் ஏரி மீனைத் தேடுவது இல்லை. கடல் மீனைத்தான் தேடுவார்கள்.

"பச்சை உடம்புக்காரிக்குப் பால் ஊற வேண்டாமா? சுறா வாங்கிக்கொண்டு வா!" என்பார் மாமியார்.

சுறா வரும். அதைத் துண்டு போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, மஞ்சளும் மிளகும் சேர்த்து, பூண்டைத் தாராளமாகத் தட்டிப் போட்டுப் புட்டுச் செய்வார்கள். மணம் தெருக்கோடி வரை வீசும்.

இது பாட்டி காலத்து வழக்கம். வழக்கத்தில் குற்றம் இல்லை. ஆனால் பாட்டி வாங்கிய சுறா வேறு. இன்று தட்டில் விழும் சுறா வேறாக இருக்கலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

பால் சுறா

பாட்டி வாங்கியது பெரும்பாலும் பால் சுறா. அது சின்ன ஜாதி. பொதுவாக மூன்று, நான்கு அடிக்கு மேல் வளராது. கரைக்குப் பக்கத்திலேயே திரியும். சில ஆண்டுகளே உயிர் வாழும்.

ஆழ்கடல் சுறாவின் கதையே வேறு!

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் சுறா பிடிப்பதில் பேர் போனவர்கள். நாள்கணக்காக விசைப்படகில் போய், நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். ஆழ்கடல் சுறாக்களில் சில, 3,000 அடிக்குக் கீழே கூட வாழும். செம்பரம்பாக்கம் ஏரியைப் போல நூறு ஏரிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த ஆழம் வராது!

அந்த இருட்டிலும் குளிரிலும் சுறா மெல்ல மெல்ல வளர்கிறது. நெடுங்காலம் வாழ்கிறது. வட துருவத்துக்குப் பக்கத்தில் வாழும் கிரீன்லாந்து சுறா ஒன்றுக்குக் குறைந்தது 272 வயது இருக்கும் என்று 2016-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ராபர்ட் கிளைவ் 1744-ல் சென்னைக்கு வந்தபோதே அது நீந்திக்கொண்டிருந்திருக்கும்!

நீண்ட ஆயுள் சுறாவுக்கு நல்லதுதான். அதைத் தின்பவருக்கு நல்லது அல்ல. ஏன்?

பாதரசம் ஏறும் படி

காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் குழாயில் வெள்ளி போல் ஓடுமே, அதுதான் பாதரசம். நிலக்கரியை எரித்தால் அதில் உள்ள பாதரசம் புகையோடு போகிறது. சில நாடுகளில் மண்ணில் இருந்து தங்கத்தைப் பிரிக்கவும் பாதரசத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் காற்றில் கலக்கிறது. எரிமலையும் தன் பங்குக்குக் கக்குகிறது. எல்லாம் மழையோடு இறங்கிக் கடலில் சேர்கிறது.

கடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இதுதான் பொல்லாத விஷம்.

கண்ணுக்குத் தெரியாத பாசி அதை உறிஞ்சும். பாசியைச் சிற்றுயிர் தின்னும். சிற்றுயிரை நெத்திலி தின்னும். நெத்திலியைச் சூரை தின்னும். சூரையைச் சுறா தின்னும். ஒவ்வொரு படியிலும் விஷம் கூடுகிறது. கந்து வட்டி போலத்தான்! சின்ன மீன்கள் சேர்த்தது எல்லாம் கடைசியில் பெரிய மீனின் கணக்கில் ஏறிவிடுகிறது. வயது ஏற ஏற அந்தக் கணக்கும் ஏறுகிறது.

"உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாகக் கழுவினால் போகாதா?"

போகாது! அது தோலில் ஒட்டிய அழுக்கு அல்ல; சதையோடு சேர்ந்த விஷம். அவித்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. கருவாடாக்கினால் தண்ணீர்தான் வற்றும். பாதரசம் அப்படியே இருக்கும். மீன் அழுகினால் நாறும். பாதரசத்துக்கு நாற்றமும் இல்லை, ருசியும் இல்லை.

பூனைகள் ஆடின

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே 1950-களில் பூனைகள் பித்துப் பிடித்ததுபோல் ஆடின. சுழன்று சுழன்று விழுந்து செத்தன.

அடுத்து மனிதர்கள் விழுந்தார்கள். கை நடுங்கியது. நடை தள்ளாடியது. பேச்சுக் குழறியது. கண் மங்கியது. 1956 மே மாதம் முதல் தேதி, இது ஒரு புது நோய் என்று அரசாங்கத்துக்கு மருத்துவமனை தகவல் கொடுத்தது.

சிசோ என்ற கம்பெனியின் தொழிற்சாலைக் கழிவில் இருந்த பாதரசம் கடலில் கலந்து, மீனுக்குள் புகுந்து, மனிதரிடம் வந்திருந்தது. அதை ஜப்பான் அரசு ஒப்புக்கொண்ட ஆண்டு 1968. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து!

மிகக் கொடுமையானது இன்னொன்று. நல்ல உடம்போடு நடமாடிய தாய்மார்கள் சிலர், மூளை பாதித்த குழந்தைகளைப் பெற்றார்கள். தாய் தின்ற விஷம், கருவில் இருந்த சிசுவுக்குப் போய்விட்டது. தாய்ப்பாலிலும் அது போகும் என்றாலும், கருவில் போவதைவிடக் குறைவு.

மினமாட்டாவில் நடந்தது தொழிற்சாலை செய்த அக்கிரமம். நம் மீனில் அந்த அளவு விஷம் இருப்பதாக யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளைக்குச் சிறிய அளவே கெடுதல் செய்யும்.

ஒரு சின்னக் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, 2003-ல் ஓர் அளவு சொன்னது. அதன்படி 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, வாரத்துக்கு 80 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம்தான் எல்லை. (ஒரு மில்லிகிராமை ஆயிரம் பங்கு வைத்தால், ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்.)

அமெரிக்க அரசு தன் நாட்டுச் சந்தையில் சுறாவைச் சோதித்தது. சராசரியாக ஒரு கிலோவில் 979 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது. மத்தியில் இருந்தது 13!

அப்படிப்பட்ட சுறாவில் கால் கிலோ தின்றால், மூன்று வாரத்து அளவு ஒரே வேளையில் உள்ளே போய்விடும். மத்தி என்றால், வாரம் ஆறு கிலோ தின்றால்தான் அந்த எல்லை வரும். யார் தின்பார்கள்?

உள்ளே போனது சீக்கிரம் வெளியே போவதும் இல்லை. பாதி கழியவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்.

ஆகவே கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்கா. வஞ்சிரத்தின் உறவு மீன் ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆஸ்திரேலியா கொஞ்சம் தாராளம்: கர்ப்பிணிகள் இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை சுறா சாப்பிடலாம், அந்த இரண்டு வாரமும் வேறு மீன் கூடாது.

ஏரி மீனுக்கும் ஒரு சொல்

ஏரி மீனில் பாதரசம் வராதா? ஏரி கெட்டால் வரும். கோடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. அந்த ஊர் ஏரியின் மீனில் பாதரசம் இருந்ததை 2006-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். சுத்தமான ஏரியில் பாசியும் புழுவும் தின்று வளரும் ஜிலேபியும் கெண்டையும், படியின் கீழே நிற்கும் மீன்கள். விரால் மற்ற மீனைத் தின்னும்; அது ஒரு படி மேலே.

இதற்காக மீனையே விட்டுவிடுவது மடத்தனம். பிள்ளை பெற்றவளுக்கு மீன் நல்ல உணவு. சதை வளர்க்கும் சத்து அதில் இருக்கிறது. குழந்தையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பும் இருக்கிறது. அந்தச் சத்து நெத்திலியிலும் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் உண்டு. விலையும் குறைவு. கானாங்கெளுத்தியை அவித்து, முள் எடுத்து உதிர்த்தால் அருமையான புட்டு! மஞ்சளும் பூண்டும் எப்போதும் போல.

மாமியார் கேட்கவில்லை, சுறாதான் வேண்டும் என்கிறார். அப்போது என்ன செய்வது? எப்போதாவது ஒரு நாள், சின்னப் பால் சுறாவாக வாங்கலாம். மருமகள் கர்ப்பிணியாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

பெரிய சுறாவைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் விற்பார்கள். துண்டைப் பார்த்தால் மீனின் வயதும் தெரியாது. பிடித்த ஆழமும் தெரியாது. ஆகவே மீன்கார அம்மாவிடம், "துண்டு வேண்டாம்மா, தலையோடு முழு மீனாக் காட்டு" என்று கேட்க வேண்டும். கை நீளப் பால் சுறா இருந்தால், அவரே கூடையில் இருந்து எடுத்துப் போடுவார்.