அரசமரம் சாட்சி

புத்தூரை அடுத்த நாராயணவனத்தில் யாரைக் கேட்டாலும் அந்தக் கல்யாணக் கதையைச் சொல்வார்கள். ஆகாசராஜன் மகள் பத்மாவதியைத் திருமலையப்பன் கைப்பிடித்த ஊர் இது. கோயிலுக்குள் போனால், கல்யாணச் சமையலுக்கு அரைத்தது என்று பெரிய கல் ஒன்றையும் காட்டுவார்கள். மாப்பிள்ளை கையில் காசில்லை. குபேரனிடம் கடன் வாங்கினார். அந்தக் கடனுக்குத்தான் இன்றும் உண்டியல் நிறைகிறது என்பார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது கடன் பத்திரம் எழுதுகிற கட்டம். பெருமாளே ஆனாலும் எழுதி வாங்கிக்கொள்ளாமல் குபேரன் பணத்தை அவிழ்க்கவில்லை. பத்திரத்தில் நாள் உண்டு, கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், தவணை எல்லாம் உண்டு. சாட்சிகள் மூவர்: பிரம்மா, சிவன், ஓர் அரசமரம். மரத்தைச் சாட்சி போடவைத்த புராணிகருக்குப் பத்திரம் எழுதும் வழக்கம் அத்துப்படியாகத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பத்திரத்தின் மூலப்படியை யாரும் கேட்பதில்லை. பக்திக்கு அது தேவையுமில்லை. ஆனால் பழைய செப்பேட்டையோ ஓலையையோ தோல் சுருளையோ ஒருவர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால், “இது அசல்தானா?” என்ற கேள்வி உடனே எழும். அசல், போலி என்று இரண்டே பதில்தான் அதற்கு உண்டு என்று நினைக்கிறோம். யூதர்களின் பழஞ்சுவடிகளைத் தேடித் திரட்டியவர்களின் வரலாற்றைப் படித்தால் அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிடும். முழு அசலான ஏட்டில் பொய்யான தேதி இருக்கும். தேதியும் சரியாக இருந்து, அதற்குச் சொல்லப்படும் கதை தப்பாக இருக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூதர் ஜெபாலயத்தில் தலைமுறை தலைமுறையாகப் பூட்டிக் காத்த செப்பேடு அது. யூதர்களின் சொத்து, எபிரேயத்தில் இருக்கும் என்றுதான் தோன்றும். இருப்பதோ வட்டெழுத்து. வடசொல் வரும் இடங்களில் மட்டும் கிரந்தம். மொழி அக்காலத்துச் சேரநாட்டுத் தமிழ். (பழைய மலையாளம் என்பார்கள் கேரளத்து அறிஞர்கள். அந்த வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை.)

சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்) இருந்தபோது ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்த சாசனம் அது. நம் நாக்கில் புரண்டு அவர் பெயர் இசுப்பு இரப்பான் ஆகிவிட்டது. அஞ்சுவண்ணமும் ‘வீடுபேறு’ என்ற எழுபத்திரண்டு உரிமைகளும் அவருக்குக் கிடைத்தன. பகலிலும் விளக்குப் பிடித்து வரலாம், நடைபாவாடை விரிக்கலாம், பல்லக்கு ஏறலாம், குடை பிடிக்கலாம், காகளம் ஊதலாம், வடுகப்பறை கொட்டலாம். உல்கு என்ற சுங்கமும் கிடையாது. வேங்கடத்துக்கு வடக்கே உள்ளவர்களை வடுகர் என்பது பழந்தமிழ் வழக்கு. நம் பக்கத்துப் பறை கொடுங்கல்லூர் வரை போய் ஒரு யூதருக்கு முன்னால் முழங்கியது என்று நாராயணவனத்துக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். கடைசியில் சாட்சிகள்: வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு என்று வரிசையாக நாட்டுத் தலைவர்கள்.

இந்தச் செப்பேடு அசல் என்பதில் ஐயம் கிடையாது. ஆனால் அது கி.பி. 379-இல் கொடுத்தது என்று கொச்சி யூதர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். அந்தக் கணக்குத்தான் இடிக்கிறது. நான்காம் நூற்றாண்டில் தமிழ்-பிராமி எழுத்து அப்போதுதான் வளைந்து வட்டெழுத்தாக உருமாறிக் கொண்டிருந்தது. செப்பேட்டில் இருப்பதோ முற்றி முதிர்ந்த வட்டெழுத்து. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ட்ஷ் இந்தச் சாசனத்தையும் ‘எபிகிராபியா இண்டிகா’ மூன்றாம் தொகுதியில் வாசித்து அச்சிட்டார். தேதி என்னவென்ற வழக்கு அதற்குப் பிறகும் ஓயவில்லை. சாசனத்தில் சக ஆண்டோ கொல்லம் ஆண்டோ இல்லை. மன்னனின் இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு என்று மட்டுமே இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 38. எந்த ஆண்டிலிருந்து 38?

பதில் வானத்திலிருந்து வந்தது. பாஸ்கர ரவியின் வேறு கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு, அப்போது வியாழன் எந்த ராசியில் நின்றது என்றும் வெட்டியிருக்கிறார்கள். வியாழன் ராசிச் சக்கரத்தைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு ஆகும். ஒரு கல்வெட்டை மட்டும் வைத்துக்கொண்டால் 12 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு விடை கிடைத்துக்கொண்டே இருக்கும். பல கல்வெட்டுகளைச் சேர்த்து, எழுத்தின் வயதையும் கூட்டிப் பார்த்தால் விடைகள் உதிர்ந்துபோய்ச் சிலதான் மிஞ்சும். அப்படிக் கணக்குப் போட்டு, மன்னன் 962-இல் பட்டமேறினான், சாசனம் கி.பி. 1000-இல் எழுதப்பட்டது என்று நிறுவினார் வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன். அறுநூற்றுச் சொச்சம் ஆண்டு இளமையாகிவிட்டது செப்பேடு. அதனால் அதன் மதிப்பு இம்மியும் குறையவில்லை.

கதையும் மாறியது. அஞ்சுவண்ணம் என்பது ஒரு சிற்றரசு, இரப்பான் அதன் யூத ராஜா என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அஞ்சுவண்ணம் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் வருகிறது. கல்வெட்டறிஞர் ஒய். சுப்பராயலு அவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து, அது மேற்காசிய வணிகர்களின் குழு என்று காட்டினார். ராஜா போனார், வணிகர் வந்தார். செப்பேடு அதேதான்.

எழுத்தை விட்டு, எழுதிய பொருளுக்கு வருவோம். செம்பின் வயதைச் சொல்ல நேரடியான சோதனை கிடையாது. தோலுக்கும் ஓலைக்கும் கரிமக் காலக்கணிப்பு உண்டு. ஆனால் அது ஆடு செத்த நாளையும் ஓலை வெட்டிய நாளையும் சொல்லுமே தவிர, எழுதிய நாளைச் சொல்லாது. பழைய வெற்றுத்தோல் கிடைத்தால் போலி எழுதுபவனுக்கு அரை வேலை முடிந்தது. அதனால் பார்க்கவேண்டிய இடம், எழுத்தும் பொருளும் ஒன்றையொன்று தொடும் அந்த மயிரிழை.

ஓர் ஓலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூச்சி அரித்த துளை ஒரு எழுத்தின் குறுக்கே போயிருந்தால், எழுத்து முந்தி, பூச்சி பிந்தி. எழுத்துகள் எல்லாம் துளைகளை நாசூக்காகச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். செப்பேட்டில் களிம்பைப் பார்ப்பார்கள். தகட்டின் மேல் பச்சை படிந்திருக்க, வெட்டிய பள்ளத்துக்குள் மட்டும் செம்பு பளிச்சென்று இருந்தால், தகடு கிழம், எழுத்து குழந்தை. தோலில் மை சொல்லிவிடும். வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகம் சாக்கடல் சுருள் துண்டுகள் என்று நம்பி வாங்கிய 16-உம் போலி என்று 2020-இல் முடிவு வெளியானது. தோல் பழையதுதான். உருப்பெருக்கியில் பார்த்தால் மை வெடிப்புகளுக்குள் வழிந்து தேங்கியிருந்தது. வெடிப்பு விட்ட பிறகு எழுதியதென்று அதுவே காட்டிக்கொடுத்தது.

தேதி போடுவதில் பித்தலாட்டக்காரனுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது: கிழமை. ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம், கிழமை எல்லாம் சேர்ந்து வருவது நம் சாசன வழக்கம். கற்பனையாக ஒரு பழைய தேதியை எழுதினால் திதியும் கிழமையும் ஒத்துப்போவது அரிது. இதைச் சரிபார்ப்பதற்கென்றே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு நாட்கணக்கு அட்டவணைகள் போட்டு, 1922-இல் பல தொகுதிகளாக வெளியிட்டார் எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை. கணினி இல்லாத காலம். அந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. கல்வெட்டுத் துறையில் அவருக்கு உள்ள மதிப்பு பொதுவெளியில் இல்லை என்பது என் குறை.

இனி, கரையர்கள். யூதர்களில் ஒரு பிரிவினர். எபிரேய வேதம் மட்டும் போதும், அதன்மேல் ரப்பிகள் எழுதிய தால்முத் உரைமரபு எங்களைக் கட்டுப்படுத்தாது என்பவர்கள். மூலநூலே எல்லாம் என்பதால் அதன் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார்கள். அவர்களில் ஒருவர் ஆபிரகாம் ஃபிர்கோவிச் (1787–1874). கிரிமியா, காக்கசஸ், எருசலேம், கெய்ரோ என்று அலைந்து மூட்டை மூட்டையாகச் சுவடி திரட்டினார். உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராகப் போன கதையைப் படித்தவர்களுக்கு அந்த வெறி புரியும். ஆனால் உ.வே.சா.வுக்கு இல்லாத ஒரு தேவை ஃபிர்கோவிச்சுக்கு இருந்தது. ஜார் ஆட்சி யூதர்கள்மேல் கடுமையான சட்டங்களை வைத்திருந்தது. கரையர்கள் ஏசு பிறப்பதற்கு முன்பே கிரிமியாவில் குடியேறிவிட்டார்கள் என்று காட்டினால், ஏசுவைச் சிலுவையில் அறைந்த பழி அவர்கள்மேல் வராது, சட்டத்திலிருந்தும் தப்பலாம். ஆகவே கல்லறைக் கற்களுக்கும் ஏடுகளின் முடிவுக் குறிப்புகளுக்கும் வயது ஏற்றினார்.

எப்படி ஏற்றினார் என்பதுதான் சுவாரசியம். நம் பழைய எண்களில் ‘க’ ஒன்று, ‘உ’ இரண்டு என்று இருப்பதுபோல எபிரேயத்திலும் எழுத்துகளே எண்கள். ‘ஹே’ என்ற எழுத்து ஐந்து. ஆண்டின் தலையில் நின்றால் ஐயாயிரம். ‘தாவ்’ என்ற எழுத்து நானூறு. இரண்டும் பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோலிருக்கும். ஹேயின் இடது கால் மேலே ஒட்டாமல் தனித்து நிற்கும், அவ்வளவுதான். ஒரு சிறு கோடு வெட்டி ஒட்டவைத்தால் ஹே, தாவ் ஆகிவிடும். 5109 என்ற யூத ஆண்டு, அதாவது கி.பி. 1349, ஆயிரத்தை இழந்து ‘509’ ஆகும். நாலாயிரத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு படித்தால் 4509, அதாவது கி.பி. 749. ஒரே உளி வெட்டில் 600 ஆண்டு!

ஹர்காவி, ஸ்ட்ராக் முதலிய அறிஞர்கள் 1870-களில் இதை அம்பலப்படுத்தினார்கள். அப்படியானால் அவர் திரட்டியதெல்லாம் குப்பையா? எபிரேய வேதம் முழுவதும் உள்ள, தேதியிட்ட கையெழுத்துப் படிகளில் மிகப் பழையது, 1008 வாக்கில் கெய்ரோவில் சாமுவேல் பென் ஜேக்கப் எழுதி முடித்த லெனின்கிராட் சுவடி. இன்றைய ஆய்வுப் பதிப்புகளுக்கு அதுவே அடிப்படை. அதைப் பீட்டர்ஸ்பர்க் நூலகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் இதே ஃபிர்கோவிச். கைசுத்தமில்லாத ஆள் கொடுத்த சுத்தமான பொன். அவர் தொட்ட ஏடு ஒவ்வொன்றையும் இன்றும் தனித்தனியாக உரசிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நேரெதிரான கதை ஷபீராவுடையது. எருசலேமில் கடை வைத்திருந்த அவர், ஏமனிலிருந்து வந்த சுவடிகளையும் கரையர் சுவடிகளையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றவர், அவை அசல். 1883-இல் எபிரேய வேத நூலான உபாகமத்தின் மிகப் பழைய படி என்று சில தோல் பட்டைகளைக் கொண்டுபோய் பத்து லட்சம் பவுன் கேட்டார். ஏதோ பழைய சுருளின் அடி ஓரத்தை வெட்டி எழுதிய போலி என்று தள்ளினார்கள். அடுத்த ஆண்டு ராட்டர்டாமில் தன்னையே சுட்டுக்கொண்டு செத்துப்போனார். 1947-இல் சாக்கடல் குகைகளில் மெய்யான சுருள்கள் கிடைத்ததும், அவசரப்பட்டுவிட்டோமோ என்று சிலருக்கு உறுத்தியது. 2021-இல்கூட அது அசல்தான் என்று ஓர் ஆய்வு வந்தது. எதை வைத்துத் தீர்ப்பது? பட்டைகள் காணாமல் போய்விட்டன. பொருள் கையில் இல்லாவிட்டால் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலையில்லை.

கொச்சியில் அப்படி ஆகவில்லை. 1806-இலிருந்து மலபாரில் சுற்றிய பாதிரியார் கிளாடியஸ் புக்கானன், யூதர்களிடமிருந்து சிவப்புச் சாயமேற்றிய 37 தோல்களைத் தைத்த, 48 அடி நீளத் தோரா என்ற வேதச் சுருள் ஒன்றை வாங்கிப் போனார். உலகத்தோடு தொடர்பறுந்த பழைய பாடம் அதில் இருக்கும் என்று ஆசை. தாமஸ் ஈட்ஸ் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு 1812-இல் அச்சிட்டார். வேறுபாடு நாற்பது இடங்களுக்குள். பொருளை மாற்றுவது ஒன்றும் இல்லை. ஆசை நிறைவேறவில்லை, உண்மை நிறைவேறியது. சுருள் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. யாரும் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

சாட்சிகளில் தொடங்கியதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கி.பி. 849-இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்குக் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் வட்டெழுத்துதான். அதன் முடிவில் வெளிநாட்டு வணிகர்கள் சாட்சி போட்டிருக்கிறார்கள்: சிலர் அரபியில், சிலர் பகலவியில், நால்வர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில். அக்காலத்தில் இத்தனை கைகளின் எழுத்துப் பழக்கத்தையும் தனியொருவன் போலியாக எழுதுவது நடக்கிற காரியமில்லை.

நாராயணவனத்திலும் புத்தூரிலும் பழைய வீடுகளின் பரண்களில் ஓலைக்கட்டும் தகடும் இன்னும் இருக்கலாம். கிடைத்தால் எங்கே, எதோடு சேர்ந்து கிடைத்தது என்று முதலில் எழுதி வையுங்கள்; படம் எடுங்கள். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமோ சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமோ படித்துச் சொல்லும். 75 ஆண்டு தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடியை நாட்டுக்கு வெளியே விற்க 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செப்பேடு அழுக்காக இருக்கிறதே என்று தயவுசெய்து புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள்.