லாரியும் ஓட்டுநர் நேரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்நாட்டுச் சரக்கின் பெரும்பகுதி லாரிகளிலேயே செல்கிறது. ஆயினும் 2018இலும் 2021இலும் லாரி கிடைக்காமல் வணிகர் திண்டாடினர். ஓட்டுநர் பஞ்சமே காரணம் என்றனர் பலர். அது பாதி உண்மையே.

சரக்கைச் சுமக்கும் ஆற்றல் வண்டிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஓட்டுநரின் நேரத்திலும் இருக்கிறது. அந்நாட்டு விதிப்படி, 10 மணி நேரம் ஓய்ந்து வேலை தொடங்கியவர் அடுத்த 14 மணி நேரத்திற்குள் 11 மணி நேரமே வண்டி ஓட்டலாம். கிடங்கு வாயிலில் காத்துக் கிடக்கும் பொழுதும் பொதுவாக அந்த 14இல் சேரும். 6 மணி நேரம் காத்தவருக்கு எஞ்சுவது எட்டே. 3 மணி நேர ஓட்டம் வீண்! முன்னாளில் கையால் எழுதிய குறிப்பேட்டில் இதனை மறைத்தோர் உண்டு. 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான வண்டிகளில் மின்னணுக் கருவியே நேரத்தைப் பதிவு செய்கிறது.

மைல் கணக்கில் கூலி பெறுவோர்க்குக் காத்திருப்புக்கு ஊதியம் சிறிது. பலருக்கு அதுவும் இல்லை. அவர்கள் தொழிலை விட்டகல்வதில் வியப்பென்ன?

ஆண்டு ஒப்பந்தம் காக்கும் என வணிகர் நம்புவர். அதுவோ பெரும்பாலும் கூலியை உறுதி செய்யுமேயன்றி வண்டியை உறுதி செய்யாது. அன்றாடச் சந்தையில் கூலி ஏறினால் நிறுவனங்கள் அங்கே ஓடும். இறங்கினால், 2022இல் போல, வணிகர் ஓடுவர். நெருக்கடியிலும் வண்டி பெறுவோர், காலியான இழுவைப்பெட்டியை விட்டுவிட்டு, முன்பே நிரப்பி வைத்ததை உடனே இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்தோரே. எந்தக் கிடங்கில் காக்க வைக்கிறார்கள் என்பது ஓட்டுநர்களுக்குள் விரைவில் பரவிவிடும்.